வாங்கிவந்த ராணி ஏன் செத்தது?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பெட்டி இத்தாலியத் தேனீ வைத்திருக்கிறேன். முதல் பெட்டியின் ராணிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. புழு திட்டுத்திட்டாக இருந்தது, பெட்டியைத் திறந்தாலே பாய்ந்து கொட்டின. அதனால் பழைய ராணியை எடுத்துவிட்டேன். ராணி இல்லாமல் ஏங்கினால் புதியதைச் சீக்கிரம் ஏற்கும் என்று சொன்னார்கள். ஒன்பது நாள் அப்படியே விட்டுவிட்டு, பிறகு கூண்டோடு ஒரு ராணியை வாங்கி வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தேன், கூண்டின் வாயை அடைத்திருக்கும் சர்க்கரை உருண்டையான கேண்டி பாதி இருந்தது. அடுத்த இரண்டாம் நாள் காலை முதுகில் பொட்டு வைத்த அந்த ராணி வாசலுக்குக் கீழே செத்துக் கிடந்தது. அன்று ஒரு அடையின் நடுவில் நிலக்கடலை மாதிரி இரண்டு தொங்கின, ஒன்றின் நுனி மூடிபோலத் திறந்திருந்தது. பழைய ராணியை எடுத்து இன்றோடு இருபது நாள். ஒரு முட்டைகூட இல்லை. உடனே இன்னொரு ராணி வாங்கவா? எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி உள்ளே விடுவது?

பதில்: உடனே வாங்காதீர்கள். உங்கள் பெட்டிக்குள் இப்போது ஒரு ராணி இருக்கிறது என்றே நினைக்கிறேன். நீங்கள் வைத்த ராணியின் உயிர் போனதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். இன்னொன்றை வாங்கி வைத்தால் அதற்கும் அதே கதிதான்.

நீங்கள் எழுதியதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த நிலக்கடலை. அது ராணி அறை. ராணி போன சில மணி நேரத்தில் பணித்தேனீக்களுக்கு அது தெரிந்துவிடும். ஒருநாளுக்குள் மிக இளம் புழுக்கள் சிலவற்றைத் தேர்ந்து, அந்தக் கண்ணறைகளை அகலமாக்கிக் கீழ்நோக்கி நீட்டிக் கட்டத் தொடங்கும். இவை அவசர ராணி அறைகள். அடையின் நடுவில் இருந்தது என்று சொல்கிறீர்கள், அவசர அறை அங்கேதான் வரும். கூட்டம் பிரிவதற்காகக் கட்டும் அறைகள் பெரும்பாலும் அடையின் கீழ் ஓரத்தில் வரிசையாகத் தொங்கும்.

இனி நாள்கணக்கு. முட்டையிட்டதிலிருந்து ராணி வெளிவர 16 நாள், பணித்தேனீக்கு 21, ஆண் தேனீக்கு 24. முட்டையாக இருப்பது முதல் மூன்று நாள். ஒருநாள் வயதுப் புழுவை வைத்து அறை கட்டத் தொடங்கினால் 12ஆம் நாள் கன்னி ராணி, அதாவது இன்னும் ஆண் தேனீயோடு இணையாத ராணி, வெளியே வரும். இரண்டு நாள் வயதுப் புழுவாக இருந்தால் 11ஆம் நாளே வந்துவிடும். நீங்கள் 9ஆம் நாள் கூண்டை வைத்தீர்கள். கேண்டியைத் தின்று முடித்துப் பணித்தேனீக்கள் வழிவிட்டபோது நாள் 12 அல்லது 13. கூண்டிலிருந்து ராணி இறங்கிய அதே நேரத்தில் அடையில் ஒரு கன்னி ராணி நடமாடிக்கொண்டிருந்தது. அதுவே கொட்டிக் கொன்றிருக்கலாம், பணித்தேனீக்கள் பந்தாகச் சூழ்ந்து கொன்றிருக்கலாம். எதுவானாலும் வாங்கிய ராணியின் மீது குறை இல்லை, விற்றவர் மீதும் இல்லை.

நுனி மூடிபோலத் திறந்திருந்தது என்பது இதற்குச் சாட்சி. ராணி தானே வெளிவரும்போது நுனியை உள்ளிருந்து வட்டமாக அறுத்துக்கொண்டு வரும், சில சமயம் அந்த மூடி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்கும். அறையின் பக்கவாட்டில் கிழிந்த ஓட்டை இருந்தால், முதலில் வந்த ராணி அதைக் கடித்து உள்ளே இருந்த போட்டியாளரைக் கொன்றுவிட்டது என்று பொருள். உங்கள் பெட்டியில் இன்னொரு அறையும் இருந்ததே, இப்போது அதன் பக்கவாட்டைப் பாருங்கள்.

ஏங்கவிட்டால் ஏற்கும் என்பதில் பாதிதான் உண்மை. ஒருநாள் ஏங்கினால் போதும். அதற்குமேல் போனால் தேனீக்கள் ஏங்குவதை விட்டுவிட்டுத் தங்களுக்கான ராணியைத் தாங்களே வளர்க்கத் தொடங்கிவிடும். ஒன்பது நாள் காத்திருப்பது இருப்பதிலேயே மோசமான இடைவெளி.

இப்போது செய்ய வேண்டியது. கன்னி ராணி வெளிவந்து ஐந்தாறு நாளில் பறக்கத் தயாராகும். வெயில் நல்லபடி அடித்து, காற்று அடங்கிய பிற்பகலில் வெளியே போய் நடுவானில் பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு இணையும். திரும்பி வந்து இரண்டு மூன்று நாளில் முட்டையிடத் தொடங்கும். உங்கள் கணக்கில் 21ஆம் நாள் முதல் 26ஆம் நாள்வரை முட்டை வரலாம், மழையும் மேகமுமாக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். 28ஆம் நாள் பாருங்கள். அதுவரை பிற்பகலில் பெட்டியைத் திறக்க வேண்டாம். பெட்டியை நகர்த்துவதும், வாசலுக்கு முன் புதிதாக எதையாவது வைப்பதும் கூடாது. முதல்முறை பறக்கும்போது அந்த இடத்தின் தோற்றத்தைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் ராணி திரும்பி வருகிறது.

காத்திருக்கும்போதே உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. இரண்டாம் பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுங்கள். தேனீக்களை அதே பெட்டிக்குள் துடைத்து இறக்கிவிடுங்கள், அந்த ராணி சட்டத்தில் இல்லை என்று இருமுறை பாருங்கள். சட்டத்தின் மேல்கட்டையில் தேதியை எழுதி முதல் பெட்டியின் நடுவில் வையுங்கள். நான்காம் நாள் காலையில் அந்தச் சட்டத்தை மட்டும் தூக்கிப் பாருங்கள். ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் பெட்டியில் ராணி இல்லை. புழுக்களைச் சாதாரணமாக வளர்த்துக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு ராணி இருக்கிறது. அந்தப் புழுக்களின் வாசனை இன்னொரு நன்மையும் செய்யும், பணித்தேனீக்கள் தாமே முட்டையிடத் தொடங்காமல் அது தடுத்து வைக்கும். இரண்டாம் பெட்டி நோயில்லாமல் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். புழு அழுகிய வாடையோ, மூடிகள் குழிந்து ஓட்டை விழுந்திருப்பதோ தெரிந்தால் அங்கிருந்து எதையும் எடுக்க வேண்டாம்.

33, 34ஆம் நாள்வரை முட்டை இல்லையென்றாலோ, பணித்தேனீக் கண்ணறைகளில் துப்பாக்கித் தோட்டாவின் தலைபோல உப்பிய மூடிகள் மட்டும் வந்தாலோ, அந்தக் கன்னி ராணி சரியாக இணையவில்லை. மூன்று நான்கு வாரத்துக்குமேல் இணையாமல் நின்றுவிட்ட ராணி கருவுறாத முட்டையைத்தான் இடும், அதிலிருந்து ஆண் தேனீதான் வரும். அப்போது அதைத் தேடி எடுத்துவிட்டு வாங்கலாம். கன்னி ராணி பெரிதாக இருக்காது, அடையில் வேகமாக ஓடும், முதல் பார்வையில் பணித்தேனீ என்றே தோன்றும். பொறுமையாகத் தேடுங்கள்.

தேர்வைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ராணியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட அதன் தாய்க் குடும்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது மேல். விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தாய்ப் பெட்டி எப்படிப்பட்டது, அதைத் திறந்து காட்ட முடியுமா? இந்த ராணி எப்போது முட்டையிடத் தொடங்கியது? எவ்வளவு வயதுப் புழுவிலிருந்து வளர்த்தீர்கள்? முட்டையிட்ட அடையை விற்பவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். முட்டையிடத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆன ராணியைப் பணித்தேனீக்கள் எளிதாக ஏற்கும், ஏனென்றால் அதற்குள் அதன் வாசனை முழுமையடைந்திருக்கும். பொரித்து ஒருநாளுக்குள் இருக்கும் புழுவை எடுத்து வளர்த்த ராணிதான் நன்றாக வளர்ந்த ராணி. புழுவின் வயது கூடக்கூட ராணியின் முட்டைக்குழல்கள் குறையும். அவசர அறையிலிருந்து வரும் ராணிகள் சில சமயம் சிறுத்துப்போவதற்கும் இதுவே காரணம்.

கூண்டில் இருக்கும் ராணியின் வயிறு சுருங்கித் தெரிந்தால் பயப்படாதீர்கள். முட்டையிடுவதை நிறுத்தியதும் அது சிறுத்துவிடும், அடைக்கு வந்த சில நாளில் மறுபடி நீளும். பார்க்க வேண்டியது வேறு: ஆறு கால்களும் முழுதாக இருக்கின்றனவா, இறக்கை கிழிந்திருக்கிறதா, உணர்கொம்பு இரண்டும் இருக்கின்றனவா, நடை சீராக இருக்கிறதா. பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடக்கும் ராணியை வாங்காதீர்கள், கண்ணறைக்குள் வயிற்றை இறக்கி முட்டையிட அதற்குச் சிரமம்.

உங்கள் இரண்டாம் பெட்டி சாதுவாக இருந்து, நன்றாகத் தேன் சேர்த்து, கூட்டம் பிரியாமல் இருந்தால், அதிலிருந்தே அடுத்த ராணியை வளர்க்கலாம். ஆனால் சாது என்று ஒருநாள் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பூ இல்லாத காலத்திலும், மேகமூட்டத்திலும், வேறு தேனீக்கள் தேன் திருட வரும்போதும் எந்தப் பெட்டியும் கோபமாகத்தான் இருக்கும். நல்ல வெயில் நாளில், ஒரே நேரத்தில், மூன்று முறை திறந்து பாருங்கள். சட்டத்தைத் தூக்கும்போது தேனீக்கள் அடையிலேயே நிற்கின்றனவா, ஓடிக் கொத்தாகத் தொங்குகின்றனவா? பெட்டியை மூடிய பிறகு எத்தனை அடி தூரம் உங்களைத் துரத்துகின்றன? இந்த இரண்டையும் எழுதி வைத்தால் மூன்றாம் முறையில் தெளிவாகிவிடும்.

புழு திட்டுத்திட்டாக இருந்ததை அளந்துதான் பார்க்க வேண்டும். மூடிய புழு உள்ள இடத்தில் பத்துக்குப் பத்து, நூறு கண்ணறை கொண்ட சாய்சதுரமாகக் கணக்கிட்டு, அதில் காலியாக இருப்பதை எண்ணுங்கள். பத்துக்குள் இருந்தால் நல்ல ராணி. இருபதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். உறவு ஆண் தேனீக்களோடு இணைந்த ராணியின் முட்டைகளில் ஒரு பங்கு இரட்டைக் குரோமோசோம் கொண்ட ஆண் புழுவாகிவிடும், பணித்தேனீக்கள் அவற்றைப் பொரித்தவுடனே தின்றுவிடும். ராணியிடம் குறையே இல்லாமலும் ஓட்டைகள் விழும்: மகரந்தம் போதவில்லை, உண்ணி தாக்கிய புழுவைத் தேனீக்கள் வெளியே இழுக்கின்றன, தேன் வரத்து அதிகமாகிப் புழு இடத்தில் தேனை நிரப்பிவிட்டன. இந்த மூன்றையும் பார்க்காமல் ராணியை மாற்றினால் புதிய ராணியின் அடையிலும் அதே ஓட்டைகள் இருக்கும். நிறையப் பேர் இங்கேதான் நல்ல ராணிகளை வீணாக்குகிறார்கள்.

இனி உள்ளே விடும் முறை. இரண்டு வழி சொல்கிறேன், இரண்டுக்கும் நாள் தவறக் கூடாது.

முதல் வழியில் பழைய ராணியை எடுத்த மறுநாளே கூண்டை வைத்துவிட வேண்டும். அதற்குள் அவசர அறைகளுக்கு அடித்தளம் போட்டிருக்கும், அதைப் பின்னால் அழித்துக்கொள்ளலாம். இரண்டாம் வழியில் ராணியை எடுத்து ஏழாம் நாள்வரை காத்திருந்து, ஒவ்வொரு சட்டத்திலும் தேனீக்களை உதறிவிட்டு எல்லா ராணி அறைகளையும் நசுக்க வேண்டும். கடைசியாக இட்ட முட்டையும் அப்போது மூன்று நாள் தாண்டிய புழுவாகியிருக்கும், இனி புதிதாக ராணி வளர்க்க வழியே இல்லை. அன்றே கூண்டை வைத்தால் ஏற்பது மிக எளிது. ஆனால் உதறாமல் பார்த்தால் தேனீக் கொத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு அறை கண்ணுக்குத் தப்பும், அந்த ஒன்று போதும் எல்லாவற்றையும் கெடுக்க. கண்ணுக்குப் பழக்கம் வரும்வரை முதல் வழியே உங்களுக்கு ஏற்றது.

கூண்டு கைக்கு வந்ததும் உடன் வந்த பணித்தேனீக்களை எடுத்துவிடுவது நல்லது, அந்நிய வாசனை கொண்ட அவற்றைப் பார்த்துத்தான் பெட்டித் தேனீக்கள் கூண்டைக் கடிக்க வரும். இதை வெளியில் செய்யாதீர்கள். மூடிய அறையில் ஜன்னல் கண்ணாடி ஓரம் உட்கார்ந்து செய்தால், ராணி பறந்தாலும் கண்ணாடியில்தான் போய் ஒட்டும். ஒருநாள் வைத்திருக்க வேண்டியிருந்தால் பணித்தேனீக்கள் கூடவே இருக்கட்டும். நிழலில் வைத்து, காலையும் மாலையும் வலைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

கேண்டி இறுகியிருந்தால் புதிதாகச் செய்யுங்கள். சர்க்கரையை நீங்களே நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள், கடைப்பொடியில் சோளமாவு கலந்திருக்கும். கெட்டியான சர்க்கரைப் பாகைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசையுங்கள். கையில் ஒட்டாமல், அழுத்தினால் வடிவம் நிற்க வேண்டும். நீர்த்துப்போனால் பெட்டிச் சூட்டில் உருகி ராணியின் மேல் வழிந்து கொன்றுவிடும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேனைக் கலக்காதீர்கள், புழு அழுகல் நோயின் வித்துகள் தேனில் பல வருடம் உயிரோடு இருக்கும்.

கூண்டைப் புழு உள்ள இரண்டு சட்டங்களுக்கு நடுவில், வலை பக்கவாட்டில் திறந்திருக்கும்படி தொங்கவிடுங்கள். வலை அடையில் அழுந்தி மூடிக்கொண்டால் தேனீக்கள் ராணிக்கு ஊட்ட முடியாது. கேண்டி முனை மேலே அல்லது படுக்கையாக இருக்கட்டும், கீழே இருந்தால் கூண்டுக்குள் செத்த தேனீ விழுந்து வழியை அடைத்துவிடும். கேண்டி முனையின் தக்கையை முதல் மூன்று நாள் எடுக்காதீர்கள். நாலாம் நாள் ஒரே ஒரு தடவை, சிறிது புகை கொடுத்து, கூண்டை மட்டும் தூக்கிப் பாருங்கள். கூண்டுமேல் உள்ள தேனீக்கள் தளர்வாக நடந்துகொண்டு, நாக்கை நீட்டி ஊட்டிக்கொண்டு, விரலால் தள்ளினால் எளிதில் நகர்ந்தால் ஏற்றுக்கொண்டன. வலையைக் கெட்டியாகப் பற்றி, வயிற்றை வளைத்து, கம்பியைக் கடித்துக்கொண்டு, ஊதினாலும் நகராமல் இருந்தால் இன்னும் ஏற்கவில்லை. அப்போது தக்கையைத் தொடாமல் கூண்டைத் திரும்ப வைத்துவிட்டு, சட்டங்களை உதறி ராணி அறையைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒன்று கிடைக்கும். ஏற்றிருந்தாலும் அன்றே அறைகளை அழித்துவிட்டுத்தான் தக்கையை எடுக்க வேண்டும்.

தக்கை எடுத்த பிறகு ஏழு நாள் பெட்டியைத் தொடாதீர்கள். உங்களுக்குக் கை பரபரக்கும் என்று தெரியும், ஆனால் போனமுறை நடந்த இன்னொரு தவறும் இதுதான். புதிதாக இறங்கிய ராணி சட்டம் அசைந்ததும் மிரண்டு ஓடும், ஓடும் ராணியைப் பணித்தேனீக்கள் எதிரியாகவே நினைக்கும். எட்டாம் நாள் முட்டையைப் பாருங்கள், ராணியைத் தேட வேண்டாம். கண்ணறையின் அடியில் நடுவில் ஒரே ஒரு முட்டை நின்றால் வேலை முடிந்தது.

தேன் வரத்து இல்லாத நேரமானால் கூண்டு வைத்த நாளிலிருந்து முட்டை தெரியும்வரை, எடைக்கு எடை சர்க்கரையும் தண்ணீரும் கலந்த பாகைத் தினமும் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை மாலையில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வாசலை இரண்டு மூன்று சென்டிமீட்டராகக் குறுக்குங்கள். திருட்டுத் தேனீ புகுந்துவிட்டால் காவல் தேனீக்கள் யாரைப் பார்த்தாலும் கொட்டும், ராணியையும் விடாது.

கோபக்காரப் பெட்டிக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை, வலையை நேரடியாக அடையில் பதிப்பது. மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலையை ஓரம் மடித்து, பத்து சென்டிமீட்டர் சதுரமும் இரண்டு சென்டிமீட்டர் உயரமும் உள்ள மூடிபோலச் செய்யுங்கள். பணித்தேனீக்கள் வெளிவந்துகொண்டிருக்கும் அடையில், கொஞ்சம் தேனும் காலிக் கண்ணறைகளும் உள்ள இடமாகப் பார்த்து, ராணியை மட்டும் விட்டு அதை அடையின் நடுச்சுவர் தொடும்வரை அழுத்துங்கள். பிறக்கும் குட்டித் தேனீக்கள் யாரையும் எதிர்க்காது, அவையே ராணியின் முதல் பரிவாரம். நாலைந்து நாளில் ராணி அங்கேயே முட்டையிடத் தொடங்கிவிடும். முட்டையிடும் ராணியைக் கொல்லும் குடும்பம் அபூர்வம். மெல்லிய புது அடையில் பதித்தால் தேனீக்கள் ஓரத்தைக் குடைந்து உள்ளே போய்விடும், பழைய கறுத்த அடையாகத் தேர்ந்தெடுங்கள்.

கூண்டைத் திறக்கும்போது ராணி பறந்துவிட்டால் பெட்டியைத் திறந்தே வைத்து, நின்ற இடத்தில் அசையாமல் நில்லுங்கள். பெரும்பாலும் கால்மணி, அரைமணியில் அங்கேயே வந்து இறங்கும். தேனீக்கள் ராணியைப் பந்தாகச் சூழ்ந்துகொண்டால் கையால் பிரிக்காதீர்கள். அந்தப் பந்தை அப்படியே ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள், தேனீக்கள் கலைந்துவிடும், ராணியை எடுத்துக் காயவைத்து மறுபடி கூண்டில் இடலாம்.

ஒரு கண்ணறையில் இரண்டு மூன்று முட்டைகள், அதுவும் அடியில் இல்லாமல் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் பணித்தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. அந்தப் பெட்டியில் எந்த ராணியை விட்டாலும் கொன்றுவிடும். வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம் இளம் புழுச் சட்டம் கொடுத்து, அவை ராணி அறை கட்டத் தொடங்கிய பிறகுதான் முயல வேண்டும். அல்லது இரண்டாம் பெட்டிமேல் ஒரு தாள் செய்தித்தாள் விரித்து, ஊசியால் சில துளை இட்டு, அதன்மேல் இதை வைத்து ஒன்றாக்கிவிடுங்கள்.

இந்தியத் தேனீ வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்: முறை இதுவேதான், ஆனால் ராணி அதே இனமாக இருக்க வேண்டும். அடிக்கடி திறந்தால் அவை கூட்டோடு கிளம்பிவிடும், அதனால் பணித்தேனீ மட்டும் நுழையக்கூடிய ராணித் தடுப்பை வாசலில் வையுங்கள். ஏற்கெனவே இணைந்த ராணிக்கு மட்டும்தான் அந்தத் தடுப்பு, கன்னி ராணி இருக்கும்போது வைத்தால் அது இணையவே வெளியே போக முடியாது.

பொட்டின் நிறத்தையும் குறித்து வையுங்கள். உலகம் முழுதும் ஒரே வழக்கம்: 1, 6இல் முடியும் ஆண்டுக்கு வெள்ளை, 2, 7க்கு மஞ்சள், 3, 8க்குச் சிவப்பு, 4, 9க்குப் பச்சை, 5, 0க்கு நீலம். செத்த ராணி உங்களுடையதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததே இந்தப் பொட்டால்தான். உள்ளே இருக்கும் கன்னி ராணி முட்டையிடத் தொடங்கிய பிறகு அதற்கும் வையுங்கள்.

கொட்டும் குணம் ராணி மாறிய மறுநாளே மாறாது. புதிய ராணி இட்ட முதல் முட்டை தேனீயாக 21 நாள், பழைய பணித்தேனீக்கள் ஓய ஐந்தாறு வாரம். முதல் முட்டையைப் பார்த்த நாளிலிருந்து எட்டு வாரம் தள்ளி, அதே மூன்று தடவைச் சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் துரத்தினால், இரண்டாம் பெட்டியின் மகளை வளர்த்து இதன் ராணியை மாற்றுங்கள்.